மாமன் வாசலில் நிற்கிறார்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் பயிற்சி வகுப்புக்கு வந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். நான் பேசினால் நீங்கள் மேசைக்கு அடியில் போனைப் பார்ப்பீர்கள். நானும் வகுப்பில் உட்கார்ந்தவள்தான், எனக்குத் தெரியும். அதனால் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். இதையும் போனிலேயே படித்துக்கொள்ளலாம்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கணினியில் கட்டைகளை அடுக்கி நிரல் எழுதச் சொல்லிக்கொடுப்பதுதான் நம் வேலை. திரையில் வண்ண வண்ணமாகக் கட்டைகள் இருக்கும். ஒன்றின் கீழ் ஒன்றை ஒட்டினால் பொம்மை நடக்கும், ஆடும், சத்தம் போடும். இதில் பிள்ளைகளுக்குப் பெரிய பாடு, சத்தத்தை நேரத்தோடு சேர்ப்பது. பந்து சுவரில் பட்டதும் 'டொக்' என்று கேட்க வேண்டும். பந்து பட்டு, உருண்டு, ஓய்ந்த பிறகு கேட்டால் அது வேறு யார் வீட்டுச் சுவரோ. அதற்காக 'பொறு' என்று ஒரு கட்டை இருக்கிறது. எத்தனை வினாடி பொறுக்க வேண்டும் என்று அதில் எண் போட வேண்டும். உங்கள் கையேட்டில் அதற்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். எனக்கு அது புரிய ஒரு ஆண்டுவிழாவே ஆனது.

கிணத்துக்கடவிலிருந்து கொஞ்சம் உள்ளே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் அப்போது வேலை பார்த்தேன். நான் பிறந்தது திருச்சிப் பக்கம், வாக்கப்பட்டது கோயம்புத்தூர். நான் பிறந்த ஊரில் ஒரு வீட்டுக்குப் போனால், "என்ன, இருக்கீங்களா?" என்று வாசலிலிருந்து ஒரு குரல் கொடுத்துக்கொண்டே அடுப்படி வரைக்கும் போய்விடுவோம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுவிழாவுக்கு முன்னால் கரஸ்பாண்டன்ட் ஐயா என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங் டீச்சர், இந்த வருசம் கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் பண்ணிக் காட்டுங். பாக்கறவீங்க அசந்துபோகோணும். இல்லீன்னா அந்த ரூமை அபாகஸ் கிளாசுக்குக் குடுத்தறலாம்னு இருக்கனுங்."

கொங்கு நாட்டில் கழுத்தில் கத்தி வைப்பதாக இருந்தாலும் 'ங்' போட்டுத்தான் வைப்பார்கள்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் என்ன கதை செய்யலாம் என்று கேட்டேன். விண்வெளி, டைனோசர் என்று வரும் என்று பார்த்தால், மித்ரா என்ற சின்னப் பெண் கையைத் தூக்கி, "காதுகுத்துங் மிஸ்" என்றாள். வகுப்பே ஆமாம் போட்டது. கதை எளிமைதான். திரையில் ஒரு வீடு. உள்ளே ஒரு அம்மா பொம்மை. வாசலுக்கு மாமன் பொம்மை சீர்த்தட்டோடு வருகிறார். அம்மா 'வாங்க' என்கிறாள். மாமன் உள்ளே போகிறார். மேளம், நாதஸ்வரம், ஆட்டுக்கிடா கத்தல், கைதட்டல். அவ்வளவுதான்.

சத்தங்களைப் பிள்ளைகளே வீட்டில் பதிவு செய்து வந்தார்கள். ஆட்டுச் சத்தம் கொண்டுவர வேண்டிய பையனின் வீட்டுக் கிடா, போனைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டது. கடைசியில் மளிகைக் கடை வைத்திருக்கும் அவன் அப்பாவே கத்திப் பதிவு செய்து அனுப்பினார். நல்ல கணீர்க் குரல். ஆட்டை விட நன்றாக இருந்தது.

அம்மா பொம்மைக்கு மித்ரா கட்டை அடுக்கினாள். மாமன் பொம்மைக்குக் கவின் அடுக்கினான். கவின் அவளுடைய மாமா பையன். ஒரே வகுப்பு, மதியச் சோற்றைக்கூடப் பங்கு போட்டுத் தின்பார்கள். இரண்டு பேர் வேலையையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். மாமன் வாசலுக்கு வந்தார். நின்றார். அம்மா உள்ளே நின்றாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கணினி பழுதோ என்று தட்டிக்கூடப் பார்த்தேன்.

பிழை என்னவென்று கட்டைகளைப் பார்த்ததும் புரிந்தது. 'வாங்க' என்ற சத்தம் கேட்டால்தான் மாமன் படியேறுவார் என்று கவின் அடுக்கியிருந்தான். மாமன் படியேறினால்தான் அம்மா 'வாங்க' சொல்வாள் என்று மித்ரா அடுக்கியிருந்தாள். கரண்ட் உள்ள வரைக்கும் இரண்டு பேரும் நிற்க வேண்டியதுதான்.

"யாராவது ஒருத்தர் மாத்துங்கப்பா" என்றேன்.

"கூப்பிடாத ஊட்டுக்குள்ள மாமன் எப்படிங் மிஸ் போவாரு?" என்றான் கவின்.

"படியேறாதவீங்கள எப்படிங் மிஸ் வாங்கன்னு சொல்றது? ரோட்டுல போறவீங்களையெல்லாமா கூப்பிடுவோம்?" என்றாள் மித்ரா.

"சரி, மாமன் ரெண்டு வினாடி பொறுத்துப் பார்க்கட்டும். அப்புறம் தானா உள்ள போயிடட்டும்" என்று நான் பொறு கட்டையை இழுத்தேன். கவின் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண்ணில் தண்ணீர். "வேண்டாங் மிஸ். மானம் போயிருமுங்."

பொம்மையின் மானத்துக்கு ஒரு பிள்ளை அழுது நான் பார்த்ததில்லை. விசாரித்தேன். இரண்டும் மாற்றி மாற்றிச் சொன்னதைச் சேர்த்துச் சொல்கிறேன். மித்ரா வீட்டில் புது வீட்டுப் புண்ணியார்ச்சனை, அதாவது கிரகப்பிரவேசம். கவினின் அப்பா, அதாவது மித்ரா அம்மாவின் அண்ணன், தட்டு வரிசையோடு வந்து கேட் முன்னால் நின்றிருக்கிறார். அந்த நேரம் பார்த்துப் பின்கட்டில் சாம்பார் அண்டா சாய்ந்துவிட்டது. வீடே அங்கே ஓடிவிட்டது. வாசலில் ஆள் இல்லை. அண்ணன் நின்று பார்த்தார். பிறகு தட்டுகளோடு திரும்பி வண்டியேறிவிட்டார். "தங்கச்சி ஊட்டு வாசல்ல நின்னேன், ஒரு நாயிகூட வான்னு சொல்லல" என்பது அவர் கட்சி. "பொறந்தவனுக்கு எதுக்கு வெத்தல பாக்கு? உள்ள வரவேண்டியதுதான?" என்பது தங்கச்சி கட்சி. அன்றிலிருந்து பேச்சு இல்லை.

"அதுக்கென்ன, பெரியவங்க சண்டை, சரியாப் போயிடும்" என்றேன்.

"தம்பிக்கு இன்னும் காது குத்தலீங் மிஸ்" என்றாள் மித்ரா. "மாமா மடியில உக்கார வெச்சுத்தானுங் குத்தோணும். அவனுக்குப் பல்லெல்லாம் மொளச்சுப்போச்சுங். இன்னும் லேட்டானா ஆசாரியக் கடிச்சுப்போடுவானுங்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அவள் சிரிக்கவில்லை. வீட்டில் நடக்காத காதுகுத்தைத்தான் அவள் திரையில் நடத்திப் பார்க்க நினைத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒரு சொந்தக்காரர் வாசலில் எத்தனை வினாடி நின்றால் கௌரவம் குறையாது என்று ஓய்வறையில் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. "செருப்பைக் கழட்டற வரைக்கும் நிக்கலாமுங்" என்றார் தமிழ் ஐயா. "செருப்பக் கழட்டுனப்புறம் கூப்பிட்டா அது கூப்பிட்டதாங்? கழட்டறதுக்கு முன்னால கூப்பிடோணுங்" என்றார் அவிநாசிக்காரரான கணக்கு டீச்சர். "கேட்டுத் தொறக்கற சத்தம் கேட்டதுமே எந்திரிச்சு வரோணுங்" என்றார் காரமடையிலிருந்து வரும் பி.டி. மாஸ்டர். சொல்லிவிட்டுக் கணக்கு டீச்சரைப் பார்த்து, "எங்க ஊட்டு விசேசத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தப்ப, நீங்க அடுப்படியில இருந்துதான வாங்கன்னீங்க?" என்றார்.

"அடுப்புல பாலு பொங்கிட்டிருந்துச்சுங்."

"பாலுக்கு இருந்த மருவாதி எனக்கில்லீங்களே."

அதற்கப்புறம் ஒரு வாரம் அந்த இருவருக்கும் நடுவில் வருகைப் பதிவேட்டை நான்தான் கைமாற்றிக் கொடுத்தேன்.

கடைசியில் ஒரு சமரசம் செய்தேன். மைக்கில் எவ்வளவு சத்தம் கேட்கிறது என்று அளக்கும் கட்டை ஒன்று உண்டு. அம்மா பொம்மை வாயே திறக்க வேண்டாம். விழா அன்று மித்ராவே மேடையில் மைக்கைப் பிடித்து 'வாங்க' என்று சொல்லட்டும். அந்தச் சத்தம் கேட்டதும் மாமன் உள்ளே போகட்டும். கவின் ஒப்புக்கொண்டான். மித்ரா "சரிங் மிஸ்" என்றாள். இந்தப் பக்கத்தில் 'சரிங்' என்றால் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்று பொருள். செய்வேன் என்று பொருள் இல்லை. இத்தனை வருடம் இங்கே குடித்தனம் நடத்தியும் அதை மறந்துவிட்டேன்.

ஒத்திகையில் வேறு தொல்லை. பி.டி. மாஸ்டர் இருமினார், மாமன் உள்ளே போய்விட்டார். தோப்பில் மயில் அகவியது, மாமன் உள்ளே போய்விட்டார். கவினுக்குக் கோபம் வந்துவிட்டது. "மயிலு கூப்பிட்டதுக்கெல்லாம் எங்கப்பா போவாருங்களா?" என்று சத்தத்தின் அளவை ஏற்றிக்கொண்டே போனான். தொண்டை கிழியக் கத்தினால்தான் மாமன் அசைவார் என்ற நிலைக்குக் கொண்டுவந்தான். சின்னச் சத்தம் கேட்டால் மட்டும் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு தொண்டையைக் கனைப்பார். "கூப்பிட்டாங்களோன்னு பாக்கறாருங்" என்று விளக்கம் சொன்னான். எட்டு வயதில் இவ்வளவு நுணுக்கம் எனக்கு வந்திருக்காது. மித்ரா ஒத்திகையில் வாயே திறக்கவில்லை. "அன்னைக்குப் பாத்துக்கலாமுங் மிஸ்" என்றாள். நானும் விட்டுவிட்டேன். ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கள்ள வழி வைத்தேன்: வலப்பக்க அம்புக்குறி விசையை நான் அழுத்தினால் மாமன் உள்ளே போய்விடுவார்.

விழா மாலை. பந்தல் நிறையக் கூட்டம். மூன்றாவது வரிசையில் மித்ராவின் அம்மா, மடியில் பல் முளைத்த தம்பி. கவினின் அப்பா கடைசியில், பந்தல் கால் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். காலி நாற்காலிகள் இருந்தன. உட்காருங்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நிகழ்ச்சி தொடங்கியது. மாமன் சீர்த்தட்டோடு வாசலுக்கு வந்தார். கைதட்டல். மித்ரா மேடையில் கம்பியில்லா மைக்கைப் பிடித்து நின்றாள். எல்லோரும் காத்திருந்தோம். அவள் சொல்லவில்லை.

மாமன் துண்டைச் சரிசெய்தார். தொண்டையைக் கனைத்தார்.

"சொல்லு கண்ணு" என்று நான் கிசுகிசுத்தேன். அவள் தலையாட்டினாள். மைக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "நாஞ் சொன்னாச் செல்லாதுங் மிஸ்" என்றாள். "பெரியவீங்க சொல்லோணும்."

பந்தலில் முணுமுணுப்பு கிளம்பியது. "அட, ஆராச்சும் அந்த மனுசனைக் கூப்பிடுங்கப்பா!" என்று ஒரு பெரியவர் கத்தினார். "தட்டப் புடிச்சுட்டு எத்தன நேரம் நிப்பாரு, கை கடுக்காதா?" என்று ஒரு அம்மா வருத்தப்பட்டார். சிறப்பு விருந்தினர் எழுந்து நின்று திரையைப் பார்த்துக் கும்பிட்டு, "உள்ள வாங்க" என்றே சொல்லிவிட்டார். மைக் மித்ராவின் கைக்குள் பொத்தியிருந்ததால் ஒன்றும் பலிக்கவில்லை. மாமன் மறுபடியும் கனைத்தார்.

கரஸ்பாண்டன்ட் ஐயா வியர்வையோடு என் அருகில் குனிந்தார். "ஹேங்க் ஆயிருச்சுங்களா டீச்சர்? மானத்த வாங்காதீங்க. அந்தாளத் தள்ளி உள்ள உடுங்."

என் விரல் அம்புக்குறி விசை மேல் இருந்தது. ஒரு அழுத்து. மேளம் கொட்டும், அறை பிழைக்கும், அபாகஸ் ஒழியும். இந்த இடத்தில்தான், பிள்ளைகளா, நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மேடையில் பயந்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பயந்த பிள்ளை தன் காலைப் பார்க்கும், அல்லது நம் முகத்தைப் பார்க்கும். மித்ரா இரண்டையும் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்த விசையை அழுத்தினால், கூப்பிடாத வீட்டுக்குள் அவள் மாமனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியவள் ஆவேன். அப்புறம் அந்தப் பிள்ளை என்னிடம் எதையும் கொண்டுவர மாட்டாள்.

விரலை எடுத்துவிட்டேன். "ஹேங்க் ஆகலீங்க ஐயா. நிக்கறாரு" என்றேன்.

மித்ரா மேடையிலிருந்து இறங்கினாள். மைக்கோடு மூன்றாவது வரிசைக்கு நடந்து, அம்மாவின் முகத்துக்கு நேராக அதை நீட்டினாள்.

"ஊட்டுக்கு வா, உன்னய வெச்சுக்கறேன்" என்று அந்த அம்மா பல்லைக் கடித்தது ஒலிபெருக்கியில் பந்தல் முழுக்கக் கேட்டது. திரையில் மாமன் துண்டைச் சரிசெய்துகொண்டார். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. வேறு வழியில்லாமல் மெதுவாக, "வாங்க" என்றார். மாமன் தொண்டையைக் கனைத்தார்.

மேடையிலிருந்து கவின் கத்தினான்: "சத்தம் பத்தாதுங் அத்தை!"

பந்தல் அடங்கிவிட்டது. அந்த அம்மா திரையைப் பார்த்தார். தட்டோடு நிற்கிற பொம்மையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பி, பந்தல் காலைப் பார்த்தார். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்து நின்று, அண்டா சாய்ந்த அன்று சொல்லாததை எல்லாம் சேர்த்து வைத்துக் கூப்பிட்டது போல ஒரு சத்தம்: "அண்ணா! வாங்கண்ணா!"

மாமன் படியேறினார். மேளம் கொட்டியது, நாதஸ்வரம் வந்தது, மளிகைக் கடைக்காரர் கத்தினார். சரியான நேரத்துக்குச் சரியான சத்தம். ஒரு நொடி பிசகவில்லை. பின்வரிசையில் அவர் மனைவி, "ஏனுங், இது நீங்கதான?" என்று கேட்டது எனக்கே கேட்டது. தோப்பிலிருந்து நாலைந்து மயில்கள் பதில் சொல்லின.

எல்லாம் ஓய்ந்ததும் பந்தல் காலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏனம்மணி, அது பொம்மைக்குச் சொன்னதா, எனக்குச் சொன்னதா?"

அந்த அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பொம்மையாண்ணா இவன மடியில வெச்சுக்கும்?"

அவர் துண்டைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைக் கனைத்தார். கவின் அதைக் கற்பனையில் செய்யவில்லை என்று அப்போது தெரிந்தது. "வந்தனம்மணி" என்று, 'வாங்க'வுக்குப் பதிலாக 'வந்தேன்' சொல்லிவிட்டு நடந்து வந்து, தங்கச்சிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்தது. கரஸ்பாண்டன்ட் ஐயாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதெல்லாம் கம்ப்யூட்டர்லயே வருதுங்களா?" என்றார். அறை பிழைத்தது.

தை மாசம் காதுகுத்து வைத்தார்கள். எனக்கும் வீடு தேடி வந்து பத்திரிகை வைத்தார்கள். பஸ் கிடைக்காமல் கொஞ்சம் தாமதமாகத்தான் போனேன். சீர் வந்து, மாமனை எல்லோரும் கூப்பிட்டு முடித்து, பையனை மடியில் உட்கார வைத்திருந்தார்கள். மொத்தச் சனமும் ஆசாரியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. வாசலில் ஒருவரும் இல்லை. கதவு விரியத் திறந்திருந்தது. ஒரே ஒரு படி.

எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் அடுப்படியில் இருந்திருப்பேன். பரிசுப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் எழவில்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன். என்னை அறியாமல் தொண்டையைக் கனைத்தேன்.

மித்ரா பார்த்துவிட்டாள். பட்டுப்பாவாடை தடுக்க ஓடிவந்து, கதவு நிலைக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"மிஸ்! நாஞ் சொன்னாச் செல்லாதுங். இருங், அம்மாளக் கூட்டியாரேன்!"

ஓடிப்போனாள். உள்ளே பையன் வீறிட்டான். அதற்கு அடுத்த நொடி ஆசாரியும் வீறிட்டார்.

பொறு கட்டையில் எத்தனை வினாடி போட வேண்டும் என்று பிள்ளைகள் உங்களைக் கேட்பார்கள். கையேட்டைப் பார்த்துச் சொல்லாதீர்கள். வாசலில் நிற்பது யார் என்று பாருங்கள். அன்றைக்கு நான் எத்தனை வினாடி நின்றேன் என்று எனக்குத் தெரியாது. எண்ணத் தோன்றவில்லை.

"அட, வாங் டீச்சர், வாங்! ஏனுங் வாசல்லயே நின்னுட்டீங்க?" என்று அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார்.

"வந்தனுங்" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினேன்.